இப்னு பதூதா கொடுத்த விலை

மொராக்கோவின் தன்ஜா நகரிலிருந்து 1325இல் ஹஜ்ஜுக்கெனத் தனியே புறப்பட்ட இப்னு பதூதாவுக்கு வயது 21. பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர். பெரும் பயணியென அவரைப் போற்றும் நாம், அவர் கொடுத்த விலையை எண்ணிப் பார்ப்பதில்லை.

முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனம் செல்லவிருந்தவர், ஜும்ஆவுக்காகக் கள்ளிக்கோட்டைக் கரையில் தங்கியதால் உயிர் பிழைத்தார். பரிசுப் பொருட்களை ஏற்றிய கப்பலைப் புயல் சிதைத்தது. அவருடைய உடைமைகளைச் சுமந்த மரக்கலமோ அவரை விட்டுவிட்டுப் போயிற்று. எஞ்சியவை 10 தீனாரும் ஒரு விரிப்பும். அன்றே அவர் ஊர் திரும்பியிருந்தால், நம் மஅபர் சுல்தானகத்தைக் கண்ணால் கண்டெழுதிய சாட்சியம் நமக்குக் கிடைத்திராது.

தந்தை இறந்து 15 ஆண்டுகளான செய்தி 1348இல் திமிஷ்கில்தான் அவரை எட்டியது. மறு ஆண்டு தாயகம் மீண்டபோது, கொள்ளைநோய் தாயையும் கொண்டு போயிருந்தது. 1355இல் நிறைவுற்ற 'ரிஹ்லா'வில் இவ்விரு மரணங்களுக்கும் சில வரிகளே உள்ளன. அவ்வரிகளை நம்மால் எளிதில் கடக்க முடியவில்லை.