வீட்டில் உருவாக்கும் மகிழுந்துப் பழுதறி கருவி

மகிழுந்துப் பழுதறி கருவி என்பது, எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி தன் நினைவகத்தில் பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீடுகளையும் உணரிகளின் அளவீடுகளையும் படித்துக் காட்டும் கருவி ஆகும். பணிமனைகளில் பயன்படும் கருவிகள் விலை மிகுந்தவை. ஆனால் அவற்றின் அடிப்படை வேலை எளியது. ஒரு மடிக்கணினி, மின்னழுத்தத்தை மாற்றித் தரும் சிறு மின்சுற்று, தகுந்த மென்பொருள் ஆகிய மூன்றும் இருந்தால் அதே வேலையை வீட்டிலும் செய்யலாம்.

பின்னணி

வாகனப் புகையைக் கட்டுப்படுத்த, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1988 முதல் புதிய மகிழுந்துகள் தம் பழுதைத் தாமே கண்டறிய வேண்டும் என்று விதித்தது. அப்போது ஒவ்வொரு நிறுவனத்தின் இணைப்பியும் குறியீடும் வெவ்வேறாக இருந்தன. இக்குறையை நீக்கிய ஓ.பி.டி. 2 என்னும் பொதுத் தரம் 1996 முதல் அமெரிக்கா முழுவதும் கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் மகிழுந்துகளுக்கு 2001 முதலும், டீசல் மகிழுந்துகளுக்கு 2004 முதலும் இதையொத்த விதி வந்தது. இந்தியாவில் 2013 முதல் இத்தரம் நடைமுறையில் உள்ளது. பொதுத் தரம் வந்ததால்தான் தனிமனிதர் ஒருவர் இக்கருவியை உருவாக்குவது இயல்வதாயிற்று.

இணைப்பி

ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே, பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே, 16 முனைகள் கொண்ட இணைப்பி இருக்கும். அதன் முக்கிய முனைகள்:

- 4, 5: தரை இணைப்பு
- 7: கே கம்பி
- 15: எல் கம்பி
- 6, 14: கேன் தடம்
- 16: மின்கலத்தின் 12 வோல்ட்

உருவாக்கும் முன் எந்த முனைகளில் உலோகத் தகடு உள்ளது என்று பார்க்க வேண்டும். 7ஆம் முனை இருந்து, 6, 14 ஆகியவை இல்லையெனில், அது பெரும்பாலும் கே கம்பி வகை. பழைய ஐரோப்பிய, ஆசிய மகிழுந்துகள் பல இவ்வகையின. அமெரிக்காவில் 2008 முதல் கேன் தடமே கட்டாயம். அதற்குத் தனிக் கட்டுப்பாட்டுச் சில்லு தேவை. கீழே விளக்கும் சுற்று அதற்குப் பொருந்தாது.

மின்சுற்று

கே கம்பியில் செய்தி 12 வோல்ட் அளவில் செல்கிறது. மடிக்கணினியின் யூ.எஸ்.பி. வாயில் 5 வோல்ட்டில் இயங்குவது. இரண்டையும் நேரடியாக இணைத்தால் வாயில் எரிந்துவிடும். எனவே இடையில் எல் 9637 போன்ற கே கம்பிச் சில்லு வைக்கப்படுகிறது. அதன் ஒரு பக்கம் 5 வோல்ட் யூ.எஸ்.பி. தொடர்வழி மாற்றியுடனும், மறுபக்கம் 7ஆம் முனையுடனும் இணைகிறது. கே கம்பிக்கும் 12 வோல்ட்டுக்கும் இடையே 510 ஓம் மின்தடையாக்கி ஒன்று வேண்டும். சாவியை எடுத்த பின்னும் 16ஆம் முனையில் மின்சாரம் இருக்கும். ஆதலால் அக்கம்பியில் 1 ஆம்பியர் மின் உருகியைப் பொருத்துவது இன்றியமையாதது.

உரையாடல் நடக்கும் விதம்

முதலில் மடிக்கணினி, பதினறும எண் 33 என்னும் முகவரியை வினாடிக்கு 5 பிட் வேகத்தில் அனுப்புகிறது. தொடக்க, முடிவுப் பிட்டுகளுடன் மொத்தம் 10 பிட்டுகள் என்பதால் இதற்கு 2 வினாடி ஆகும். எஞ்சின் கணினி வினாடிக்கு 10,400 பிட் வேகத்தில் மறுமொழி தந்து, இரண்டு அடையாள எண்களை அனுப்பும். அவற்றில் இரண்டாவதைத் தலைகீழாக்கித் திருப்பி அனுப்பினால் தொடர்பு உறுதியாகும். பின்னர் 5 வினாடிகளுக்குள் அடுத்த கேள்வி செல்லாவிட்டால் தொடர்பு அறுந்துபோகும். முதல் முயற்சியில் பலர் தோற்பது இந்தக் கால அளவுகளில்தான். பிரீடயாக் போன்ற திறமூல மென்பொருள்கள் இவற்றைத் தாமே கவனித்துக்கொள்கின்றன.

எஞ்சின் வேகத்தைக் கேட்டால் இரண்டு எண்கள் வரும். முதல் எண்ணை 256ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, 4ஆல் வகுக்க வேண்டும். 12, 128 என்று வந்தால் வேகம் நிமிடத்திற்கு 800 சுற்று. குளிர்விப்பு நீரின் வெப்பநிலைக்கு வரும் எண்ணிலிருந்து 40ஐக் கழிக்க வேண்டும். 130 என்றால் 90 பாகை செல்சியசு.

குறியீட்டைப் புரிந்துகொள்ளல்

பழுதுக் குறியீடு நோயின் அறிகுறியைச் சொல்லுமே தவிர, மாற்ற வேண்டிய உதிரிப்பாகத்தைச் சொல்லாது. எடுத்துக்காட்டாக, பி0171 என்பது எரிகலவையில் எரிபொருள் குறைவு என்பதைக் குறிக்கும். இதைக் கண்டதும் ஆக்சிசன் உணரியை மாற்றிப் பணத்தை வீணாக்குவோர் உண்டு. உண்மையில் காற்றுக்குழாயில் விரிசலோ எரிபொருள் அழுத்தக் குறைவோ இருக்கலாம். எரிபொருள் திருத்த அளவு எஞ்சின் மெதுவாக ஓடும்போது மிகுந்து, 2,500 சுற்றில் குறைந்தால் காற்றுக் கசிவை ஐயுறலாம். சுமை கூடும்போது திருத்தமும் கூடினால் எரிபொருள் வழங்கலைச் சோதிக்க வேண்டும். இத்தகைய ஒப்பீட்டுக்கு உதவுவதே மடிக்கணினியின் பெரிய பயன். அளவீடுகளைச் சேமித்து வைத்து நிதானமாக ஆராயலாம்.

எச்சரிக்கைகள்

- காரணம் அறியுமுன் குறியீட்டை அழிக்கக் கூடாது. பழுது நேர்ந்த கணத்தில் பதிவான அளவீடுகளும் அதனுடன் அழிந்துவிடும்.
- இணைப்பியில் செருகுமுன் 16ஆம் முனைக் கம்பி தரைக் கம்பியைத் தொடவில்லை என்பதை மல்டிமீட்டரால் சோதிக்க வேண்டும்.
- ஓடும் மகிழுந்தில் ஓட்டுநர் திரையைப் பார்க்கக் கூடாது. அளவீடுகளை உடனிருப்பவர் கவனிக்க வேண்டும்.
- காற்றுப்பை, தடை அமைப்பு ஆகியவற்றின் கணினிகளுக்குச் சோதனைக் கட்டளைகள் எதையும் அனுப்பக் கூடாது.