காசு கொடுத்தாலும் தனிக் காற்று கிடைக்காது!
பெய்ஜிங் நகரத்துப் பெண்கள் புகையோடு வாழ்ந்த கதை



காலையில் எழுந்ததும் நாம என்ன செய்வோம்? வாசல் தெளிப்போம், அடுப்பைப் பற்ற வைப்போம். சீனாவின் தலைநகரம் பெய்ஜிங்கில், 2013-ம் வருஷத்தை ஒட்டிய குளிர்காலங்களில், பல தாய்மார்களுக்கு முதல் வேலை வேறாக இருந்தது. செல்போனை எடுத்து, "இன்னைக்குக் காற்று எத்தனை?" என்று பார்ப்பார்கள்.

எண் 50-க்குள் இருந்தால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் யோசனை. 200-ஐத் தாண்டினால் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள், பிள்ளையை வெளியே விளையாட விட மாட்டார்கள். 300-ஐத் தாண்டினால் எதிர் வீட்டு மாடிகூடக் கண்ணுக்குத் தெரியாது.

2 கோடிக்கும் அதிகமான பேர் வாழ்கிற நகரம் அது. அங்கே என்ன நடந்தது, அந்த மக்கள் எப்படிச் சமாளித்தார்கள், இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். நமக்கும் இதில் ஒரு பாடம் இருக்கு.

காற்றுக்கு ஏது எண்?

காற்றில் மிதக்கும் தூசியில் பல வகை உண்டு. பெரிய தூசி மூக்கு முடியிலும் சளியிலும் சிக்கிக்கொள்ளும். தும்மினால் வெளியே வந்துவிடும். ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத பொடித் தூசிதான். அதற்கு பி.எம். 2.5 என்று பெயர். நம்ம தலைமுடி ஒன்றின் பருமனை முப்பது பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். இது மூக்கில் நிற்காது. நுரையீரலின் அடிவரை போகும். அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கும். மூச்சிளைப்பு மட்டும் இல்லைங்க, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் எல்லாவற்றுக்கும் இது வழி வகுக்கிறது.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டி அளவு காற்றில் இந்தத் தூசி எத்தனை மைக்ரோகிராம் இருக்கிறது என்று எடை போடுவார்கள். அந்த எடையை வைத்துத்தான் செல்போனில் வரும் குறியீட்டு எண்ணைக் கணக்கிடுவார்கள். ஒரு நாள் சராசரி எடை 15 மைக்ரோகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. வருஷம் முழுவதற்குமான சராசரி 5-ஐத் தாண்டக் கூடாது.

பெய்ஜிங்கில் 2013 ஜனவரி 12-ம் தேதி இரவு எவ்வளவு இருந்தது தெரியுமா? அங்கே உள்ள அமெரிக்கத் தூதரகத்தின் கருவி 886 மைக்ரோகிராம் என்று காட்டியது. குறியீட்டு அளவுகோல் 500-உடன் முடிந்துவிடும். அன்றைக்கு வந்த எண் 755!

புகை எங்கிருந்து வந்தது?

முதல் காரணம் நிலக்கரி. பெய்ஜிங்கைச் சுற்றியிருக்கும் ஹெபெய் மாகாணத்தில் இரும்பு ஆலைகளும் சிமெண்ட் ஆலைகளும் ஏராளம். மின்சாரத்துக்கும் நிலக்கரிதான். குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக வைக்கவும் நிலக்கரிதான். நவம்பர் நடுவில் தொடங்கி மார்ச் நடு வரைக்கும் நகரம் முழுக்க வெப்பமூட்டும் கொதிகலன்கள் எரியும். சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. இதோடு சாலையில் 50 லட்சத்துக்கும் மேலே வண்டிகள்.

இரண்டாவது காரணம் நில அமைப்பு. பெய்ஜிங்குக்கு மேற்கிலும் வடக்கிலும் மலைகள். குளிர்காலத்தில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும், அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்றும் நின்றுவிடும். சட்டிக்கு மூடி போட்ட மாதிரி. உள்ளே இருக்கும் புகை மேலே போகவே முடியாது. வடக்கிலிருந்து பலமான காற்று அடித்தால்தான் வானம் தெளியும். அந்தக் காற்றுக்காக மக்கள் நாள் கணக்கில் காத்திருப்பார்கள்.

வீட்டுக்குள் எப்படிச் சமாளித்தார்கள்?

முதலில் முகக்கவசம். சாதாரணத் துணி முகக்கவசம் பொடித் தூசியைத் தடுக்காது என்று போகப் போகத்தான் பலருக்குப் புரிந்தது. என்-95 வகை முகக்கவசத்தை, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் முகத்தோடு ஒட்டிப் போட்டால்தான் பலன். சின்னக் குழந்தை முகத்துக்கு அது சரியாகப் பொருந்தாது. அதனால் பிள்ளைகளை வீட்டோடு வைத்துக்கொண்டார்கள்.

அடுத்து, காற்றைச் சுத்தம் செய்யும் கருவி. விலை அதிகம். வசதியானவர்கள் அறைக்கு ஒன்று வாங்கி வைத்தார்கள். விலை உயர்ந்த சில தனியார் பள்ளிகள் விளையாட்டு மைதானத்தையே பெரிய கூடாரத்தால் மூடி, உள்ளே சுத்தமான காற்றை அனுப்பின. கருவி வாங்க முடியாதவர்களுக்கு ஒரு மலிவான வழியும் கிடைத்தது. கருவியின் உள்ளே இருக்கும் வடிகட்டியை மட்டும் வாங்கி, சாதாரண மின்விசிறியின் முன்னால் கட்டிவிடுவது. இதுவும் நன்றாகவே தூசியைப் பிடித்தது.

துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மறுபடி எழும்பும் என்று ஈரத் துணியால் தரையைத் துடைத்தார்கள். புகை அதிகமான நாளில் வீட்டுக்குள் எண்ணெயைக் காயவைத்து வறுப்பதைக் குறைத்தார்கள்.

சாப்பாட்டு வைத்தியமும் உண்டு. பன்றி ரத்தமும் ஒரு வகைக் கறுப்புக் காளானும் சாப்பிட்டால் நுரையீரல் சுத்தமாகும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. நம்ம பக்கம், தூசியில் வேலை செய்கிறவர்கள் வெல்லம் சாப்பிடச் சொல்வார்கள் இல்லையா, அது மாதிரி. ஆனால் சாப்பாடு போகிற வழி வேறு, மூச்சு போகிற வழி வேறு. நுரையீரலின் அடியில் படிந்த தூசியை எந்த உணவும் கழுவி எடுக்காது.

சரி, இதெல்லாம் வீட்டுக்குள் இருக்க முடிந்தவர்களுக்கு. தெருக் கூட்டும் பெண் என்ன செய்வாள்? கட்டடத் தொழிலாளி, சைக்கிளில் சாமான் கொண்டு போகிறவர், தெருவோரம் கடை போட்டவர்? அவர்களுக்கு ஜன்னலும் இல்லை, கருவியும் இல்லை. வசதியானவரும் வாசலைத் தாண்டி வந்தால் அதே காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். தண்ணீரை பாட்டிலில் வாங்கலாம். காற்றை அப்படி வாங்க முடியாதே!

கணக்கு கைக்கு வந்தது

குழு நடத்துகிற நமக்கு இது நல்லாப் புரியும். கணக்குப் புத்தகம் நம்ம கையில் இல்லை என்றால், யாரைக் கேள்வி கேட்பது?

2008 முதல் அமெரிக்கத் தூதரகம் தன் கட்டடத்தின் மேலே கருவி வைத்து, மணிக்கு ஒரு முறை பி.எம். 2.5 அளவை வெளியிட்டது. நகர நிர்வாகமோ அப்போது பெரிய தூசியின் அளவை மட்டுமே சொன்னது. "இந்த வருஷம் இத்தனை நீல வான நாட்கள்" என்று பட்டியலும் போட்டது. வெளியே பார்த்தால் ஒரே சாம்பல் நிறம். அறிக்கையிலோ நீல வானம்! 2011-ல் மக்கள் இணையத்தில் கேட்க ஆரம்பித்தார்கள்: "பொடித் தூசிக் கணக்கை எங்களுக்குச் சொல்லுங்கள்." 2012 ஜனவரியில் பெய்ஜிங் அந்த அளவை வெளியிடத் தொடங்கியது. 2013 ஜனவரியில் 74 நகரங்களின் கணக்கு வெளியே வந்தது.

2014 நவம்பரில் பல நாட்டுத் தலைவர்கள் கூடும் மாநாடு பெய்ஜிங்கில் நடந்தது. அதற்காகச் சுற்று வட்டார ஆலைகளை நிறுத்தினார்கள். வண்டிகளில் பாதியை ஒரு நாள், மீதியை மறுநாள் என்று விட்டார்கள். வானம் நீலமானது. விருந்தாளிகள் போனதும் புகை திரும்பி வந்தது. மக்களுக்கு அப்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இது இயற்கையின் கோபம் இல்லை. மனிதர் செய்வது, மனிதர் நினைத்தால் நிறுத்தக் கூடியது.

கர்ப்பிணிகள் பற்றிய ஒரு செய்தியையும் தெரிந்துகொள்ளுங்கள். 2008 ஒலிம்பிக் போட்டிக்காகவும் இதே மாதிரி சில வாரங்கள் புகையைக் குறைத்தார்கள். அந்த வாரங்களில் எட்டாம் மாதக் கர்ப்பமாக இருந்தவர்களின் குழந்தைகள், அதற்கு முந்தைய, பிந்தைய வருஷங்களில் அதே காலத்தில் பிறந்த குழந்தைகளைவிடச் சராசரியாக 23 கிராம் எடை கூடுதலாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். சில வாரம் நல்ல காற்று கிடைத்ததற்கே வயிற்றுப் பிள்ளையிடம் மாற்றம் தெரிந்திருக்கிறது!

2015 பிப்ரவரி கடைசியில் சாய் ஜிங் என்ற பெண் பத்திரிகையாளர் ஒரு ஆவணப் படம் வெளியிட்டார். அவரும் ஒரு சின்னக் குழந்தையின் தாய். இந்தப் புகை என்ன, எங்கிருந்து வருகிறது, நாம் என்ன செய்வது என்று மூன்றே கேள்விகள் கேட்டார். சில நாட்களிலேயே 10 கோடி தடவைக்கும் மேல் அது பார்க்கப்பட்டது. ஒரு வாரத்தில் சீன இணையத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். படத்தை நீக்கலாம், கேள்வியை நீக்க முடியுமா?

என்ன மாறியது?

2013 செப்டம்பரில் அரசு ஐந்து வருஷத் திட்டம் போட்டது. 2014 மார்ச்சில் பிரதமர் லி கெச்சியாங் மாசுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தார். 2015 டிசம்பரில் பெய்ஜிங்கில் முதல் முறையாகச் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டது. பள்ளிகளுக்கு விடுமுறை, கட்டட வேலைகள் நிறுத்தம். 2017-ல் நகரத்தின் கடைசிப் பெரிய நிலக்கரி மின் நிலையம் வேலையை நிறுத்தியது. புது வண்டிக்கு எண் வேண்டும் என்றால் குலுக்கலில் பெயர் வர வேண்டும் என்ற விதி 2011-லேயே வந்திருந்தது.

பெய்ஜிங்கின் வருஷ சராசரி பி.எம். 2.5 அளவு:

2013 – 89.5 மைக்ரோகிராம்
2017 – 58
2021 – 33
2024 – 30.5

பதினோரு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. பெரிய சாதனைதான். ஆனாலும் 2024-ம் வருஷத்து அளவே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5-ஐப் போல ஆறு மடங்கு.

விலை யார் தலையில் விழுந்தது?

இதையும் சொல்லாமல் விடக் கூடாது. 2017-ல் பெய்ஜிங்கைச் சுற்றியுள்ள கிராமங்களில் நிலக்கரி அடுப்புக்குத் தடை போட்டார்கள். எல்லோரும் எரிவாயுவுக்கோ மின்சாரத்துக்கோ மாற வேண்டும். நோக்கம் நல்லதுதான். ஆனால் சில இடங்களில் பழைய அடுப்பை எடுத்துவிட்டார்கள், புதுக் குழாய் வந்து சேரவில்லை. குளிர் வந்துவிட்டது. ஹெபெய் மாகாணத்துப் பள்ளி ஒன்றில் வகுப்பறை குளிர் தாங்காமல், பிள்ளைகள் வெளியே வெயிலில் உட்கார்ந்து படித்தார்கள். டிசம்பரில், வேலை முடியாத இடங்களில் பழையபடி நிலக்கரி எரிக்கலாம் என்று அரசே இறங்கி வந்தது. குழாய் வந்த வீடுகளிலும் எரிவாயுச் செலவு நிலக்கரியைவிட அதிகம். நகரத்துக்கு நல்ல காற்று, கிராமத்து ஏழைக்குக் குளிர் என்றால் அது நியாயமா? மாற்றம் வேண்டும்தான். ஆனால் மாற்று கைக்கு வந்த பிறகுதான் பழையதைப் பிடுங்க வேண்டும்.

நமக்கு என்ன?

பெய்ஜிங் ரொம்ப தூரம்தான். ஆனால் நம்ம விறகு அடுப்புப் புகையில் இருப்பதும் அதே பி.எம். 2.5 பொடித் தூசிதான். ஜன்னல் இல்லாத சமையலறையில் அதைத் தினமும் சுவாசிப்பது நாமும் நம்ம மடியில் இருக்கும் குழந்தையும்தான். குப்பையோடு பிளாஸ்டிக்கை எரித்தாலும் அப்படித்தான்.

பெய்ஜிங் பெண்கள் ஜன்னலை மூடினார்கள், முகக்கவசம் போட்டார்கள், தரையைத் துடைத்தார்கள். அதெல்லாம் அந்த நாளைத் தள்ளுவதற்கு. காற்று மாறியது, கணக்கு வெளியே வந்து, எல்லோரும் சேர்ந்து கேட்ட பிறகுதான். சேமிப்பை ஒருத்தி தனியாகக்கூடச் செய்யலாம். காற்றை ஒருத்தி தனியாகச் சுத்தம் செய்ய முடியாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவோமா?

1. நம்ம உறுப்பினர்களில் எத்தனை பேர் வீட்டில் இன்னும் விறகு அடுப்பு? புகை வெளியே போக வழி இருக்கிறதா?
2. எரிவாயு அடுப்பு இருந்தும் விறகில் சமைக்கிறோம் என்றால் காரணம் என்ன? சிலிண்டர் விலையா, வேறு ஏதாவதா?
3. நம்ம ஊரில் குப்பையை எங்கே எரிக்கிறார்கள்? கிராம சபையில் இதை யார் எழுந்து கேட்பது?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள், சகோதரிகளே. எழுதி வைத்தால்தான் அடுத்த மாதம் கேட்க முடியும்.