கோலமும் ஒரு தவமே

உருவம் எதையும் காட்டாத ஓவியம் என்றதும் நம் எண்ணம் மேனாட்டுக் கண்காட்சிகளுக்குத் தாவுகிறது. மரமோ மனிதரோ இன்றி, புள்ளியும் கோடும் மட்டுமே கொண்ட ஓவியம் நம் வாசலிலேயே இருக்கிறதன்றோ? அதுதான் கம்பிக் கோலம்.

என் ஊர் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்து வடகரப்பதி. பொள்ளாச்சிப் பக்கமிருந்து பிழைக்கச் சென்று அங்கே குடியேறிய குடும்பம் எங்களுடையது. ஓணம் வந்தால் அத்தம் முதல் பத்து நாள் அண்டை வீட்டு முற்றத்தில் பூக்களம். மார்கழி வந்தால் எங்கள் வாசலில் அரிசிமாக் கோலம். வேலியோரத் தும்பைப்பூ அவர்களுக்கு. சாணமும் மாவும் எங்களுக்கு.

சென்ற மார்கழியில் அப்பத்தாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. “இந்த வருசம் வாசல் வெறுசாவே கெடக்கட்டும், கண்ணு” என்றாள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த நான் மாவுக் கிண்ணத்தை எடுத்தேன். ஆண்பிள்ளை கோலம் போடுவதைக் கண்டு தெரு சிரித்தது, சிரிக்கட்டும்!

முறை இதுதான். சாணம் தெளித்த ஈரம் காயுமுன், மூன்று வரிசையாக, வரிசைக்கு நான்காக நேர்ப்புள்ளி வைக்க வேண்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மாவைப் பிடித்து, தேய்க்காமல் உதிரவிட வேண்டும். கம்பி எந்தப் புள்ளியையும் தொடாது. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகச் செல்லும். ஓரத்துக்கு வந்ததும் புள்ளியைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்பும். இப்படி 17 இடங்களில் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு, தொடங்கிய இடத்திலேயே முடியும். நடுவில் ஒரு கணம் மனம் அலைந்தாலும் கம்பி தவறான வழியில் சென்று மூடிக்கொள்ளும்.

எனக்கு நான்கு முறை அப்படித்தான் மூடிக்கொண்டது. அப்பத்தா திண்ணையிலிருந்து திருத்தவில்லை. “கூட்டிப்போட்டு மறுபடி போடு” என்றாள், அவ்வளவே.

நான் பௌதிகம் படிப்பவன். 1974-ஆம் ஆண்டிலேயே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகிய மூவரும் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் நோக்கில் ஆராய்ந்து கட்டுரை எழுதியதை அறிவேன். வரிசைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை கம்பிகள் இத்தகைய கோலத்தில் அமையும் என்ற விதியும் தெரியும். அதைப் பெருமையுடன் அப்பத்தாவுக்கு விளக்கினேன்.

“ஆமா, மூணுக்கு மூணு வெச்சா மூணு கம்பி. மூணுக்கு நாலுன்னா ஒத்தக் கம்பி. இதுக்கா காலேசு?” என்றாள்.

நான் தலைகுனிந்தேன். விதி அவளுக்கும் தெரிந்திருந்தது. அதற்கு மேல் அவள் கையில் ஒன்று இருந்தது. அது பொறுமை. ஐந்தாம் முறை எண்ணத்தை விட்டேன். விரலையும் வெற்றிடத்தையும் மட்டும் பார்த்தேன். கம்பி கூடியது. குளிர்கூடத் தெரியவில்லை. தியானம் என்பது இதுவேயன்றி வேறென்ன?

நண்பகலுக்குள் எறும்பு பாதியைத் தின்றது; கோழி மீதியைக் கிளறியது. வருந்த ஒன்றுமில்லை. கோலம் அழியத்தான் பிறந்தது. அழியக்கூடாதது அதைப் போடும் கைப்பழக்கம். ஒட்டுக்கோலம் மலிந்த இந்நாளில், அதுவன்றோ நம் வீடுகளில் அழிந்து வருகிறது?

தோழர்களே, பொங்கல் விடுமுறைக்கு ஊர் செல்கிறீர்கள். ஒரு நாள் விடியலில் பாட்டியின் அருகே அமருங்கள். பன்னிரண்டு புள்ளி வையுங்கள். தவறினால் கூட்டிப்போட்டு மறுபடி போடுங்கள்.