சம்பள நாள் வந்தது, சம்பளம் வரவில்லை

கனடாவில் மத்திய அரசு வேலை கிடைத்துவிட்டால், 'அப்பாடா, இனி கவலையில்லை' என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் டாண் என்று வந்துவிடும். 2016-ல் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

அந்த ஆண்டு பிப்ரவரியில், 40 ஆண்டுப் பழைய முறைக்குப் பதிலாக 'ஃபீனிக்ஸ்' என்ற புதிய சம்பள மென்பொருள் அமலுக்கு வந்தது. ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்றார்கள். நடந்ததோ வேறு. சிலருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்கு வரவே இல்லை. இன்னும் சிலருக்கு அதிகமாக வந்து, பிறகு திருப்பிக் கேட்டார்கள். 2017 நடுவில் ஒன்றரை லட்சம் ஊழியர்களின் சம்பளப் பிரச்சினைகள் தீராமல் கிடந்தன.

எல்லாப் பழியையும் மென்பொருள் மேல் போட முடியாது. அரசுச் சம்பளத்துக்கு 80,000-க்கும் மேற்பட்ட விதிகள் உண்டு. அவற்றைக் கையாண்டு பழகிய சுமார் 1,200 சம்பள ஆலோசகர்களின் இடத்தில், மிராமிச்சி என்ற ஊரில் 550 பேரை வைத்தார்கள். பலர் புதியவர்கள். மென்பொருள் நிலைபெறும் முன்பே பழைய அனுபவம் வீட்டுக்குப் போய்விட்டது.

இன்னொன்று, ஐபிஎம் சொன்ன மதிப்பீடு 27.4 கோடி டாலர். கையில் இருந்த பட்ஜெட் 15.5 கோடி. அதற்குள் அடக்க முக்கியமான வசதிகளை வெட்டினார்கள். ஒரு துறையில் மட்டும் ஓட்டிப் பார்க்க இருந்த பைலட்டையும் ரத்து செய்தார்கள். இது புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று 2018-ல் கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் எழுதினார்.

ஐ.டி.யில் இருக்கும் நமக்கு இது புரியாத விஷயமா என்ன? கோ-லைவ் தேதி நெருங்கினால் முதலில் கத்தி விழுவது டெஸ்டிங்கில், அடுத்து ட்ரெயினிங்கில். அப்படிப்பட்ட மீட்டிங்குகளில் நானும் பேசாமல் தலையாட்டியிருக்கிறேன். 'சேஞ்ச் மேனேஜ்மென்ட்' என்றால் ஒரு ஃபாரம், நாலு அப்ரூவல், முடிந்தது கதை என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேட்கிறேன். வேலை தெரிந்த பழைய ஆட்கள் இன்னும் எத்தனை மாதம் கூட இருப்பார்கள்? ஒரு சின்னப் பிரிவிலாவது ஓட்டிப் பார்த்தோமா? சொதப்பினால் பழையதற்குத் திரும்ப வழி இருக்கிறதா?

இதில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். மேனேஜர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். வீட்டுக் கடன் தவணையோடு சம்பளத்துக்குக் காத்திருப்பவர் அந்த மீட்டிங்கில் இல்லை. அவருக்காகப் பேச அங்கே நாம்தான் இருக்கிறோம்.