மடியில் ஒரு கணினி – 6: ‘ஐ5’ என்று சொன்னால் போதுமா?

பாகூர்க்காரர்கள் லேப்டாப் வாங்க இரண்டு திசையில் பஸ் ஏறுகிறார்கள். வடக்கே புதுச்சேரி நேரு வீதி; தெற்கே, அதைவிடக் கிட்டத்தில், கடலூர். வில்லியனூர்க்காரர்களுக்கு விழுப்புரமும் ஒரு வழி. எந்தக் கடைக்குப் போனாலும் “பட்ஜெட் எவ்வளவுக்கா?” என்ற கேள்விக்கு அடுத்து வருவது “ஐ3யா, ஐ5ஆ?”தான். பிள்ளைக்கு சென்டாக் கல்லூரிச் சேர்க்கையில் சீட் கிடைத்த கையோடு வந்திருக்கும் அம்மாவும், “ஐ5தான் நல்லதுன்னு சொன்னாங்க தம்பி” என்பார். பேச்சு அங்கேயே முடிந்து இஎம்ஐ கணக்கு ஆரம்பமாகிவிடும்.

ரேம் 8 ஜிபிக்குக் கீழே வேண்டாம் என்று போன வாரம் சொன்னேன். இந்த வாரம் பிராசசரும் ஸ்டோரேஜும். வரிசையை மட்டும் மாற்றி, ஸ்டோரேஜை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குறைந்த விலை லேப்டாப் ஒன்று இழு இழு என்று இழுக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் அரசு கொடுத்த பழைய மடிக்கணினி. நம் கொம்யூன் பஞ்சாயத்துகளில் ஒரு ஊர் புதுச்சேரி என்றால் அடுத்த ஊர் தமிழ்நாடு. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கிய விலையில்லா மடிக்கணினி பாகூர்ப் பிள்ளைக்குக் கிடைக்காமல், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த சித்தப்பா மகனுக்குக் கிடைத்தது. (படிப்புக்கு அரசு கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பாகூர் வித்யாஸ்தானத்துக்குப் பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மூன்று ஊர்களைக் கொடுத்த செப்பேடே இருக்கிறது. நிலம் பழசானாலும் விளையும், லேப்டாப் அப்படியில்லை.) முதலில் வந்த அந்த இயந்திரங்களில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். கூடவே பாஸ் லினக்ஸும் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும். இன்றைக்கும் பல வீட்டுப் பரணில் அவை கிடக்கின்றன. “பிராசசர் பழசு, ஓடாது” என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. லேப்டாப் ஹார்ட் டிஸ்கில் ஒரு தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. எந்த ஃபைல் கேட்டாலும் அதன்மேல் இருக்கும் முள் அந்த இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றிவரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி நொடிக்கு ஏறக்குறைய நூறு தடவைதான் எடுத்துத்தர முடியும். இன்னொரு வகை ஸ்டோரேஜான எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் எதுவும் இல்லை. பல்லாயிரம் தடவை எடுத்துத் தரும். விண்டோஸ் கண்விழிக்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை. பாகூர் ஏரி தளும்ப நிறைந்திருந்தாலும் மதகு குறுகலாக இருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது போய்ச் சேரும்? 320 ஜிபி என்பது ஏரியின் அளவு. மதகைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை.

அடிமூடியின் திருகுகளைக் கழற்றினால் ஹார்ட் டிஸ்க் ஒரு தகரச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும். பக்கவாட்டில் மெல்ல இழுத்தால் கனெக்டரிலிருந்து விட்டுவரும். அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, ரேமை 4 ஜிபி ஆக்கி, லினக்ஸ் மின்ட் ஏற்றினால் டைப்பிங்குக்கும் பிரவுசருக்கும் பைதான் பழகுவதற்கும் அது இன்னும் உழைக்கும். புதுசு வாங்குவதற்கு முன்னால் பரணை ஒரு தடவை பாருங்கள் என்பது என் கட்சி.

புதுசுதான் வாங்குவதென்றால் ஓர் அளவுகோல் இருக்கிறது. 2025இல் விலையில்லா மடிக்கணினிக்கு மறுபடி டெண்டர்விட்ட தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் கேட்டது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. லட்சக்கணக்கில் வாங்கி இலவசமாகத் தருகிற அரசே வைத்த தரம் இது. கைக்காசு போட்டு வாங்குகிறவர் அதற்குக் கீழே ஏன் இறங்க வேண்டும்?

கடையில் அதற்குக் கீழே இருப்பது இஎம்எம்சி. பெட்டியின்மேல் ‘64 ஜிபி’ அல்லது ‘128 ஜிபி’ என்று மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய செல்போன்களில் இருந்த அதே வகை மெமரிதான், மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடமே 64 ஜிபி. அந்த அளவில் வாங்கினால் சில அப்டேட்டுகளிலேயே வயிறு நிறைந்துவிடும். கழற்றி மாற்றவும் வழியில்லை. “கூடவே கிளவுட் தர்றோம்க்கா” என்பார்கள். சிக்னல் இரண்டு கோட்டில் நிற்கும் தெருவில், மொபைல் ஹாட்ஸ்பாட்டை வைத்துக்கொண்டு கிளவுடை என்ன செய்வது?

256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினால் விண்டோஸ் 238 என்றுதான் காட்டும். ஏமாற்றில்லை, எண்ணும் முறை வேறு. எஸ்எஸ்டி என்விஎம்இ வகையா சாட்டா வகையா என்பதற்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம். ஹார்ட் டிஸ்கிலிருந்து வருகிறவருக்கு இரண்டுமே பறக்கும். எஸ்எஸ்டியைப் பின்னால் மாற்ற எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்பதைக் கேளுங்கள். இன்று 256 வாங்கி, நாளை காசு வரும்போது 512 ஆக்கிக்கொள்ளலாம்.

இப்போது பிராசசர். ‘ஐ5’ என்பது குடும்பப் பெயர். பக்கத்தில் இருக்கும் எண்தான் ஆள் யார் என்று சொல்லும். செகண்ட் ஹேண்டில் நிறைய வரும் ஐ5-6200யூ ஆறாம் தலைமுறை, இரண்டே கோர். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. புதிதாக வரும் ஐ3-1215யூவில் ஆறு கோர். பழைய ஐ5ஐ இந்த ஐ3 சுலபமாகத் தாண்டிவிடும்.

ஏஎம்டியில் ரைசன் 3 7320யூ. முதல் எண் 7 என்பதால் புத்தம்புதுசு என்று நினைக்க வேண்டாம். மூன்றாவது எண் 2 என்பது உள்ளே இருப்பது 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு என்பதன் அடையாளம். ஆனாலும் நான்கு கோர். கல்லூரிப் படிப்புக்குத் தாராளம். ரேம் மட்டும் பற்றவைத்தே வரும், முதலிலேயே 8 ஜிபியாக எடுத்துவிடுங்கள். இன்டெல் என்100இலும் நான்கு கோர். பள்ளிப் பிள்ளைக்குக் குறையில்லை. செலரான் என்4020 இரண்டு கோர். அதை யார் தள்ளிவிட்டாலும் வாங்காதீர்கள்.

நம் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறியபிறகு பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸில் பைதானும் மைஎஸ்க்யூஎல்லும். பி.காம். என்றால் டாலி. இவை எதற்கும் ஐ5 வேண்டாம். ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோ தொடப்போகும் இன்ஜினியரிங் பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் மேலே போகலாம். அப்போதும் கூடுதல் காசை முதலில் 16 ஜிபி ரேமுக்குப் போடுங்கள்.

கடையிலேயே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும்; ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் பிராசசரின் முழுப் பெயர், கோர் எத்தனை, ரேம் எவ்வளவு எல்லாம் இருக்கும். மாடல் எண்ணை செல்போனில் தட்டி, கம்பெனியின் தளத்தில் ஸ்டோரேஜ் எந்த வகை என்றும் பார்த்துவிடுங்கள். பில்லில் அந்த எண் முழுதாக வரட்டும். ‘ஐ3 லேப்டாப் – 1’ என்று எழுதின பில்லைத் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள்.

அடுத்த வாரம் பேட்டரி.