பெட்டியில் 150 பார்: வாட்டர் ஜெட் வாங்கும் முன் ஒரு பெருக்கல் கணக்கு

செமினி, பண்டார் ரிஞ்சிங் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று வந்து பாருங்கள். ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று வரிசை வரிசையாகத் தாமான்கள். வீட்டுக்கு இரண்டு கார். பக்கத்திலேயே எங்காவது கட்டுமான வேலை நடக்கும். லாரிச் சக்கரங்கள் செம்மண்ணைச் சாலைக்கு இழுத்து வரும். ஒரு மழை பெய்தால் போதும், எல்லாக் கார்களின் கீழ்ப்பாதியும் ஒரே நிறமாகிவிடும்.

வேனில் தண்ணீர்த் தொட்டியை ஏற்றிக்கொண்டு, வீட்டுக்கே போய்க் கார் கழுவித் தரும் தொழிலுக்கு இது நல்ல களம். கடை வாடகை கிடையாது. முதலும் பெரிதாகத் தேவையில்லை. ஆனால் முதலில் வாங்கும் பெரிய பொருளிலேயே பலர் தடுமாறுகிறார்கள். அதுதான் வாட்டர் ஜெட். கடையில் இரண்டு பெட்டிகள் அருகருகே இருக்கின்றன. ஒன்றில் '120 பார்', மற்றொன்றில் '150 பார்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். நீங்கள் எதை எடுப்பீர்கள்?

எண் பெரியதாக இருப்பதை எடுப்பதுதான் மனித இயல்பு. அந்த இயல்பு இங்கே உங்கள் சேமிப்பைக் கரைத்துவிடும். கைத்தொலைபேசியில் ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் போட்டால் உண்மை தெரிந்துவிடும். அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

அழுத்தம் எங்கே பிறக்கிறது?

பம்ப்தான் அழுத்தத்தைத் தருகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பம்ப் தருவது நீரோட்டத்தை மட்டுமே. அதனுள் இருக்கும் சிறு உந்துதண்டுகள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு தண்ணீரைத் தள்ளுகின்றன. அந்தத் தண்ணீர் முழுவதும் முனையில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழி குறுகலாக இருப்பதால் பின்னால் நெருக்கடி ஏற்படுகிறது. அந்த நெருக்கடியே அழுத்தம்.

ஒரு பார் என்பது ஏறக்குறைய 10 மீட்டர் உயர நீர்த்தூண் தரும் அழுத்தம். உங்கள் வீட்டுக் கூரைத் தொட்டி குழாயை விட 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் அது தருவது அரை பார்தான். 100 பார் என்பது கடலுக்கடியில் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம். அந்த அழுத்தத்தில் துளையை விட்டு வெளிவரும் நீரின் வேகம் வினாடிக்கு சுமார் 140 மீட்டர், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டர்.

முனை தேய்ந்தால் இயந்திரம் 'பலம் இழந்தது' போலத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். துளையின் பரப்பு 15 விழுக்காடு கூடினால் அழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு இறங்கிவிடும். இதை அறியாமல் பம்ப் பழுதாகிவிட்டது என்று புது இயந்திரம் வாங்குபவர்கள் உண்டு. மாற்ற வேண்டியது விரல் நுனி அளவுள்ள ஒரு முனையை மட்டுமே.

அந்தப் பெருக்கல் கணக்கு

அழுத்தத்தை பாரிலும், நீரோட்டத்தை நிமிடத்திற்கு இத்தனை லிட்டர் என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் வருவது, நீரில் வெளிப்படும் ஆற்றல், கிலோவாட்டில். 100 பாரில் நிமிடத்திற்கு 8 லிட்டர் என்றால் 800-ஐ 600-ஆல் வகுக்க 1.33 கிலோவாட்.

இனிப் பெட்டியைப் பாருங்கள். '150 பார், 9 லிட்டர், 1400 வாட்' என்று போட்டிருக்கிறது. 150-ஐ 9-ஆல் பெருக்கி 600-ஆல் வகுத்தால் 2.25 கிலோவாட். மோட்டார் உள்ளே இழுப்பதே 1.4 கிலோவாட்தான். ஒன்று போட்டு ஒன்றரை எடுக்கும் இயந்திரம் உலகில் இல்லை. சொல்லப்போனால் மோட்டாரிலும் பம்பிலும் கால் பங்குக்கு மேல் வெப்பமாகவும் உராய்வாகவும் வீணாகிவிடும். நீருக்குப் போய்ச் சேருவது மீதிதான்.

அப்படியானால் பெட்டியில் இருப்பது பொய்யா? முழுப் பொய் என்று சொல்ல முடியாது. 150 பார் என்பது விசையை விடும் நொடியில் எட்டும் உச்ச அழுத்தமாக இருக்கலாம். 9 லிட்டர் என்பது தடையே இல்லாமல் ஓடும் உச்ச நீரோட்டமாக இருக்கலாம். இரண்டும் தனித்தனியே நடக்கும். ஒரே நேரத்தில் நடக்காது. வேலை செய்யும்போது உள்ள அழுத்தமும் நீரோட்டமும் இயந்திரத்தின் உடலில் ஒட்டியிருக்கும் சிறு தகட்டில் இருக்கும். பெட்டியை விட்டுவிட்டு அதைப் படியுங்கள்.

இன்னோர் எல்லையும் உண்டு. நம் நாட்டு மூன்று முனைப் பிளக்கின் ஃபியூஸ் 13 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 3 கிலோவாட். ஆகவே வீட்டு பிளக்கில் ஓடும் இயந்திரம் 200 பாரில் 15 லிட்டர் தரும் என்று யாராவது சொன்னால், அதற்கு நீரில் மட்டுமே 5 கிலோவாட் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

காருக்கு எவ்வளவு போதும்?

காரின் நிறத்திற்கு மேலே தெளிவான ஒரு பூச்சு இருக்கிறது. அதன் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்ரான், அதாவது நாம் எழுதும் தாளின் தடிப்பில் பாதி. செம்மண்ணோடு வரும் நுண்மணல் இந்தப் பூச்சை விடக் கடினமானது. மணல் இருக்கும்போதே துணியால் தேய்த்தால் வெயிலில் சிலந்தி வலை போலக் கீறல்கள் தெரியும். கை படுவதற்கு முன்பே மணலை அகற்றுவதுதான் வாட்டர் ஜெட்டின் வேலை.

சாதாரணக் குழாய் நீரால் அது முழுமையாக முடிவதில்லை. நீர் ஓடும்போதும், உலோகத்தை ஒட்டியுள்ள மெல்லிய நீர்ப்படலம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். நுண்தூசு அந்தப் படலத்திற்குள் பதுங்கிக்கொள்ளும். வேகமான பீச்சு அந்தப் படலத்தை மெலிதாக்கித் தூசைப் பெயர்க்கிறது.

இதற்கு 80 முதல் 100 பார் போதும், அதுவும் ஒரு அடி தள்ளி நின்று. அதற்கு மேல் போனால் கல்லடி பட்ட இடத்தில் பூச்சு உரியும். கதவு ரப்பர் கிழியும். டயரின் பக்கச் சுவர் வெளியே தெரியாமல் சேதமாகும்.

ஒரே ஆற்றலுள்ள இரண்டு இயந்திரங்களை ஒப்பிடுவோம். முதலாவது 130 பார், 6 லிட்டர். இரண்டாவது 80 பார், 10 லிட்டர். இரண்டுக்கும் நீர் ஆற்றல் ஏறக்குறைய 1.3 கிலோவாட். ஆனால் பீச்சு தரும் மொத்த உந்துவிசையைக் கணக்கிட்டால் முதலாவது 16 நியூட்டன், இரண்டாவது 21 நியூட்டன். அழுத்தம் குறைந்த இயந்திரம் 30 விழுக்காடு கூடுதலாகத் தள்ளுகிறது. பெயர்ந்த மண்ணை வாரிக்கொண்டு போவதும், நுரையை அலசுவதும் நீரின் அளவுதான். நுரைக் குப்பியும் நீரோட்டம் குறைந்தால் கெட்டி நுரை தராது; பால் போல வழியும்.

முனைகளை அவற்றின் நிறத்தால் அடையாளம் காணலாம். சிவப்பு 0 பாகை. அதைக் காரின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40 பாகை. ஒரு அடி தூரத்தில் பச்சை 13 சென்டிமீட்டர் அகலமும் வெள்ளை 22 சென்டிமீட்டர் அகலமும் விரியும். காரின் உடலுக்கு வெள்ளை, சக்கர வளைவுக்குப் பச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் உங்கள் முதுகில்

நீரோட்டம் நல்லது என்றால் 15 லிட்டர் இயந்திரத்தையே வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். கடை வைத்திருப்பவருக்குச் சரி. நீங்கள் தண்ணீரைச் சுமந்து போகிறீர்கள்.

ஒரு காருக்கு விசை அழுத்தியிருக்கும் நேரம் 8 நிமிடம் என்று கொள்வோம். நிமிடத்திற்கு 8 லிட்டர் என்றால் 64 லிட்டர். 200 லிட்டர் தொட்டியில் மூன்று கார். அதுவே 15 லிட்டர் என்றால் 120 லிட்டர். இரண்டாவது காரின் நடுவில் தொட்டி காலி. பெரிய தொட்டி வைக்கலாம் என்றால், ஒரு லிட்டர் ஒரு கிலோ. 200 லிட்டர் என்பது வேனில் மூன்று பெரியவர்கள் ஏறியது போல. பாதி நிரம்பிய தொட்டி வளைவில் ஆடி வண்டியை இழுக்கும். உள்ளே தடுப்புள்ள தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பின் அச்சுக்கு முன்னால் தாழ்வாக வைத்து இறுகக் கட்டுங்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், நடமாடும் தொழிலுக்கு வேலை அழுத்தம் 80 முதல் 110 பார், நீரோட்டம் 7 முதல் 9 லிட்டர் என்பதே நடுநிலையான தேர்வு.

தொட்டியிலிருந்து தானே நீரை இழுக்கும் பம்ப்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாப் பம்பும் அப்படி இழுக்காது. இழுகுழாய் இணைப்பில் காற்று கசிந்தாலும், வடிகட்டி அடைத்தாலும் பம்புக்குள் குமிழிகள் தோன்றி உடையும்; அவை உலோகத்தையே அரித்துவிடும். வாடிக்கையாளர் வீட்டுக் குழாயைப் பயன்படுத்தினால் 10 லிட்டர் வாளி எத்தனை வினாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்திற்கு மேல் ஆனால் பம்பை நேரே இணைக்க வேண்டாம். குழாயிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து பம்புக்கு என்று விடுங்கள்.

மின்சாரமா, பெட்ரோலா?

1950-இல் ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனம் ஐரோப்பாவின் முதல் சுடுநீர் உயர் அழுத்தக் கழுவியைத் தொழிற்சாலைகளுக்காகச் செய்தது. வீட்டில் தூக்கிப் பயன்படுத்தும் சிறு இயந்திரத்தை 1984-இல்தான் அது வெளியிட்டது. தொழிலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்ற அந்தப் பிரிவு இன்றும் மோட்டாரில் தெரிகிறது. எடை குறைந்து, விசில் போலக் கத்தும் இயந்திரத்தில் இருப்பது கரித்தூரிகை மோட்டார். அது வாரம் ஒரு கார் கழுவ உதவும். நாளுக்கு ஐந்து கார் என்றால் தூரிகை விரைவில் தேய்ந்துவிடும். கனமாகவும் குறைந்த சத்தத்துடனும் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். நிமிடத்திற்கு சுமார் 2,800 சுற்றுதான். தேயும் தூரிகை இல்லை. தொழிலுக்கு அதுவே.

ஆனால் இண்டக்‌ஷன் மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 1.8 கிலோவாட் மோட்டாருக்கு 2 கிலோவாட் ஜெனரேட்டரோ பேட்டரிப் பெட்டியோ வாங்கினால் அது கிளம்பவே கிளம்பாது. வாங்கும் முன் இரண்டையும் இணைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பேட்டரியின் கொள்ளளவு எளிய கணக்கு: 1.8 கிலோவாட் மோட்டார் 8 நிமிடம் ஓட 240 வாட் மணி. ஐந்து காருக்கு 1,200.

பெட்ரோல் இயந்திரத்திற்குப் பிளக் வேண்டாம், பலமும் அதிகம். ஆனால் காலை எட்டு மணிக்குத் தாமானில் அதை இழுத்துக் கிளப்பினால் அக்கம்பக்கத்தார் உங்களை மறக்க மாட்டார்கள். அடுக்குமாடியின் நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்தில் அதை ஓட்டவே கூடாது. வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

மின்சார இயந்திரத்தை 30 மில்லிஆம்பியர் அல்லது அதற்கும் குறைந்த கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஓட்டாதீர்கள். நீட்டிப்புக் கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். சுருளை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுருண்டிருந்தால் சூடேறி உருகும். பீச்சு கையில் பட்டு ஊசி முனை அளவு துளை விழுந்தாலும் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். வெளியே சிறு புள்ளி. உள்ளே நீரும் சோப்பும் அழுக்கும் தசை வரை போயிருக்கும்.

கழுவிய நீர் எங்கே போகிறது?

நம் வீட்டுக் கழிவுநீருக்குத் தனிக் குழாய் உண்டு. வாசல் கால்வாய் மழைநீருக்கானது. அதில் விழுவது சுத்திகரிக்கப்படாமல் ஆற்றுக்குப் போகும். செமினி ஆற்று நீர்தான் கீழே சுத்திகரிப்பு நிலையத்திற்குப் போய், நம் குழாய்களுக்கே திரும்புகிறது. 2016 செப்டம்பர், அக்டோபரிலும், மீண்டும் 2020 அக்டோபரிலும் ஆற்றில் துர்நாற்றம் கலந்ததால் அந்த நிலையம் மூடப்பட்டதும், வாளியோடு லாரிக்காகக் காத்திருந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அதற்குக் காரணம் கார் கழுவியவர்கள் அல்லர். ஆனால் இந்த ஆற்றில் எதை விட்டாலும் அது யார் வீட்டுக்கு வரும் என்பதை அந்த நாள்கள் காட்டின. முடிந்தால் புல்தரை ஓரத்தில் கழுவுங்கள். என்ஜினின் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைத்துக் கால்வாயில் விடாதீர்கள். துணியால் துடைத்து எடுங்கள்.

நீர் தடைப்படும் நாளில் உங்கள் தொழிலும் நிற்கும். ஒரு காருக்கு 64 லிட்டரில் வேலை முடிப்பவர், 120 லிட்டர் செலவழிப்பவரை விட ஒரு நாள் கூடுதலாகத் தாக்குப்பிடிப்பார்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு, இயந்திரத்தைக் கவிழ்த்துத் தகட்டைப் பாருங்கள். பார், லிட்டர், வாட்: மூன்று எண்கள். பெருக்கி, 600-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை மோட்டாரின் வாட்டில் முக்கால் பங்கைத் தாண்டினால் அடுத்த இயந்திரத்திற்கு நகருங்கள்.