இரவல் வீட்டில் ஒரு கிறிஸ்துமஸ்

நாலாபுறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்திருக்க, நடுவில் தனியாக நிற்கும் மலைநாடு லெசோதோ. எழுதுவதுதான் அப்படி, அந்த ஊர்க்காரர்கள் சொல்வது 'லெசூட்டு'. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே கிறிஸ்துமஸ் கோடையில் வருகிறது. வயலில் மக்காச்சோளம் பச்சைகட்டி நிற்கும். மத்தியானம் வெயில் காய்ந்தால் சாயங்காலம் மலைமேல் இடி உருளும்.

அப்படி ஒரு டிசம்பரில், ஒரு கிராமத்து வீட்டு அடுப்பங்கரையில், கல்லூரி முடித்து ஓராண்டுகூட ஆகாத அமெரிக்கப் பெண் ஒருவர் துடுப்பும் கையுமாக நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பானையில் வேகிறது 'பாப்பா'. பெயர் நமக்குக் குழந்தையை நினைவூட்டும். பண்டம் மக்காச்சோள மாவில் கிண்டும் களி. நம் வீட்டுக் கேழ்வரகுக் களிக்குள்ள அதே பக்குவம்தான்: மாவு கட்டிதட்டக் கூடாது, அடிபிடிக்கக் கூடாது, கை நிற்கவே கூடாது. ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண்ணுக்குத் தோள்பட்டை கடுக்கிறது. வீட்டு அம்மா துடுப்பை வாங்கி நாலு சுழற்று சுழற்றிவிட்டு, மறுபடியும் அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறார். விருந்தாளியாக இருந்தால் உட்காரச் சொல்லியிருப்பார். அந்த வீட்டில் அவர் விருந்தாளி இல்லை.

அவர் சுற்றுலாவுக்கு வந்தவரும் இல்லை. ஜனவரிக் கடைசியில் ஏதோ ஒரு மலைக்கிராமத்துப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர். இப்போதைக்குப் பயிற்சியாளர். 'பீஸ் கோர்' என்ற அமெரிக்க அரசுத் தொண்டமைப்பு அவரை அனுப்பியிருக்கிறது. அதை 'அமைதிப்படை' என்று தமிழாக்கினால் 1987-இல் இலங்கைக்குப் போன இந்திய ராணுவம்தான் நம் நினைவுக்கு வரும். அதனால் ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொள்வோம்; இது துப்பாக்கி தூக்காத கூட்டம்.

1961 மார்ச் 1-ஆம் தேதி ஜனாதிபதி கென்னடி போட்ட ஓர் ஆணையில் பிறந்தது இந்த அமைப்பு. அதே ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் தேதி ஐம்பதுக்குச் சற்று அதிகமான ஆசிரியர்கள் கானாவின் தலைநகர் ஆக்ராவில் வந்து இறங்கினார்கள். விமானத்தை விட்டு இறங்கியதும் அந்த நாட்டின் ட்வி மொழியில் ஒரு பாட்டுப் பாடினார்கள் என்பது இன்றுவரை சொல்லப்படும் கதை. அன்று தொடங்கி இன்றுவரை கல்வித் துறைக்குத்தான் இந்த அமைப்பிலிருந்து அதிகம் பேர் போகிறார்கள். அமெரிக்கக் குடிமக்களாக இருக்கவேண்டும், 18 வயது நிறைந்திருக்கவேண்டும். மேல்வயது வரம்பு கிடையாது. சம்பளம் இல்லை. உள்ளூர்க்காரர்களைப் போல எளிமையாக வாழப் போதுமான படி உண்டு. இந்தியாவுக்கும் 1961 முதல் 1976 வரை வந்திருக்கிறார்கள்.

லெசோதோவுக்கு அவர்கள் முதலில் போனது 1967-இல், நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு. அங்கே தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகள் தாய்மொழியான செசோதோவில் நடக்கின்றன. நான்காம் வகுப்பிலிருந்து பயிற்றுமொழி ஆங்கிலம். மலையில் ஆடு மேய்த்துவிட்டு வரும் பிள்ளை திடீரென்று கணக்கையும் அறிவியலையும் வேற்று மொழியில் படித்தாக வேண்டும். ஆங்கிலம் கற்பிக்க ஆள் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

சரி, பயிற்சி ஏன் பண்டிகைக் காலத்தில் வந்து விழுகிறது? காரணம் பள்ளி நாட்காட்டி. நமக்குக் கல்வியாண்டு ஜூனில் திறக்கிறது. தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில் ஜனவரியில் திறந்து டிசம்பர் தொடக்கத்தில் மூடுகிறது. ஒரு தொண்டாசிரியரின் சேவைக்காலம் 27 மாதம். அதில் ஏறக்குறைய முதல் மூன்று மாதம் பயிற்சி. ஜனவரியில் வகுப்பறையில் நிற்கவேண்டுமானால் அக்டோபர், நவம்பரில் வந்து சேரவேண்டும். அமெரிக்கர்களின் மிகப்பெரிய குடும்பத் திருநாளான நன்றியறிதல் நாள் நவம்பர் நான்காம் வியாழன். அடுத்து கிறிஸ்துமஸ். அதற்கடுத்த வாரம் புத்தாண்டு. முதன்முறையாக ஊரை விட்டு வந்தவருக்கு மூன்றும் அடுத்தடுத்து அந்நிய மண்ணில் விடிகின்றன.

ஊருக்குப் போய் வரவும் முடியாது. முறையாகச் சேவை தொடங்கிய பிறகுதான் மாதத்துக்கு இரண்டு நாள் என்று விடுப்பு சேரத் தொடங்கும். பயிற்சியில் இருப்பவருக்கு அது கிடையாது. சொல்லப்போனால் அவருக்குத் தொண்டர் என்ற பெயரே இன்னும் கிடைக்கவில்லை. பயிற்சியை முடித்து, மொழித்தேர்வில் தேறி, உறுதிமொழி எடுத்த பிறகுதான் அந்தப் பெயர்.

இதைக் கேட்டால் கடுமையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மூன்று மாதத்தின் உயிரான பாடம் வகுப்பில் நடப்பதில்லை, அவர் தங்கும் உள்ளூர்க் குடும்பத்தின் வீட்டில் நடக்கிறது என்றே நினைக்கிறேன். பண்டிகை நாளில் அந்த வீட்டை விட்டு அவரை வெளியே எடுத்தால் பாடத்தின் பாதி போய்விடும்.

அந்த வீடு என்ன கற்பிக்கிறது? முதலில் பெயர். வந்த அன்றே அந்தக் குடும்பம் அவருக்கு ஒரு செசோதோப் பெயர் வைக்கிறது: பெண்ணுக்கு லெராட்டோ என்றால் அன்பு, பலேசா என்றால் மலர். பிறகு முறை சொல்லி அழைப்பது. வயதில் மூத்த பெண்கள் எல்லாரும் 'ம்மே', அதாவது அம்மா. ஆண்கள் 'ந்தாத்தே', அப்பா. இளையவர்கள் 'அவுசி', 'அபுதி': அக்கா, அண்ணன். முன்பின் தெரியாதவரையும் இப்படித்தான் கூப்பிடவேண்டும். பேருந்து நடத்துநரை அண்ணே என்றும் பூக்காரரை அக்கா என்றும் கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இதில் கற்க ஒன்றுமில்லை. எல்லாரையும் பேர்சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவருக்கு இது பெரிய படிப்பு. வாழ்த்தைப் புத்தகத்தில் 'லுமேலா' என்று எழுதியிருக்கும். வாயில் அது 'டுமேலா'. சில சொற்களில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கவேண்டும். அது வராமல் தடுமாறும்போது திருத்துகிறவர் மொழி ஆசிரியர் மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் ஆறு வயதுப் பிள்ளையும்தான்.

பிறகு தண்ணீர். பல வீடுகளில் குழாய் வெளியே, ஊருக்குப் பொதுவாக. வாளியில் பிடித்து வந்து, அடுப்பில் சுடவைத்து, ஒரு பேசினில் ஊற்றி உடம்பு கழுவிக்கொள்ளவேண்டும். எவ்வளவு தண்ணீர் போதும் என்பதை அந்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.

நன்றியறிதல் நாளை அமெரிக்கர்கள் தங்களுக்குள் கூடிக் கொண்டாடுவார்கள். வான்கோழிக்குப் பதில் கோழி. அதோடு முடிந்தது. கிறிஸ்துமஸ் அப்படியல்ல, அது அந்த ஊருக்கும் பண்டிகை. செசோதோவில் 'கேரெசெமெசே'. லெசோதோவின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குப் பிழைக்கப் போனவர்கள். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் வீடு திரும்பும் மாதம் டிசம்பர்தான். எல்லைப் பாலத்தில் மூட்டை முடிச்சுகளோடு வரிசை நீளும். பிள்ளைகளுக்குப் புதுத்துணி வரும். இஞ்சி போட்டுப் புளிக்கவைத்த 'கெமெரே' பானம் வாளிக் கணக்கில் தயாராகும். வசதி உள்ள வீட்டில் ஆடு அறுபடும். கோயிலில் மணிக்கணக்கில் பாட்டு.

எல்லாரும் வீடு வந்து சேரும் அந்த நாளில் வீட்டுக்குப் போகமுடியாத ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அங்கே காலை பத்து மணி என்றால் நியூயார்க்கில் விடியற்காலை மூன்று. அம்மாவைக் கூப்பிட மத்தியானம் கழியவேண்டும். அதுவரை துவைக்கவும் துடைக்கவும் கிண்டவும் வேலை இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வெளிநாட்டில் முதல் தீபாவளியைக் கழித்த எவருக்கும் தெரியும்.

தான் தங்கும் ஊரைப் பற்றி வீட்டுக்கு என்ன சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். அதை இந்த அமைப்பு தொடக்கத்திலேயே பட்டுத் தெரிந்துகொண்டது. 1961 அக்டோபரில் நைஜீரியாவின் இபாதானில் பயிற்சியிலிருந்த ஓர் இளம்பெண், அங்கே கண்ட வறுமையைப் பற்றி நண்பருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். அது அஞ்சலில் சேருமுன் கைநழுவி நைஜீரிய மாணவர்கள் கையில் கிடைத்து, பிரதி எடுக்கப்பட்டு, கல்லூரியே கொதித்தது. அவர் நாடு திரும்ப நேர்ந்தது.  விலகி நின்று பார்த்த பார்வைதான் அந்த மாணவர்களைச் சுட்டது.

மூன்று மாதத்தில் ஒருவர் நல்லாசிரியர் ஆகிவிடுவார் என்று நான் சொல்லமாட்டேன். நம் ஊரில் பி.எட். படிப்பே இரண்டு ஆண்டு. பள்ளி மூடியிருக்கும் காலத்தில் கிராமத்துப் பிள்ளைகளைத் திரட்டி 'மாடல் ஸ்கூல்' நடத்தி, பயிற்சியாளர்களைக் கற்பிக்க விட்டுப் பின்வரிசையிலிருந்து திருத்தும் முறை பல நாடுகளில் உண்டு. விடுமுறையிலும் வந்து உட்காரும் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் நன்றி சொல்லவேண்டும். வகுப்பை நிர்வகிக்கும் தந்திரம், கரும்பலகையைப் பயன்படுத்தும் ஒழுங்கு எல்லாம் அங்கே கொஞ்சம் பிடிபடும். ஆனால் ஒரு பிள்ளை ஏன் திங்கட்கிழமை தூங்கி விழுகிறது, தண்ணீர் சுமந்துவிட்டு வருவதால் இன்னொரு பிள்ளை ஏன் தாமதமாகிறது என்பது, அந்த வாளியைத் தானும் தூக்கியவருக்கே கேட்காமல் புரியும்.

உறுதிமொழி முடிந்ததும் பணியிடத்துக்குக் கொண்டுபோக வண்டி வரும். ஜனவரிக் கடைசியில் பள்ளி திறக்கும். முதல்நாள் வகுப்பில் பிள்ளைகள் எழுந்து நின்று, பெயர் என்ன என்று கேட்பார்கள். அவர் சொல்வது பெற்றவர்கள் வைத்த பெயரை அல்ல. அந்த அடுப்பங்கரை வீடு வைத்த பெயரை. குடும்பப் பெயர் என்ன என்றால், அதுவும் அந்த வீட்டுடையதுதான்.